நந்தும் நிறைகோலும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் உரையாற்றுமாறு அறக்கட்டளையினர் அழைத்தபோது சற்றே தயங்கினேன். சமண நூல்களைத் துறைபோகக் கற்ற சான்றோர் பேசும் மேடை இது. நானோ முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். என் தயக்கத்தைச் சொன்னபோது, "நீங்கள் அறிந்ததைப் பேசுங்கள், உயிரிரக்கத்தோடு தொடர்புடையதாக இருந்தால் போதும்" என்றனர். நான் அறிந்தவை இரண்டு. ஒன்று நன்னூல், மற்றொன்று மாணவர்கள். இவ்விரண்டும் ஒருநாள் தூத்துக்குடிக் கடற்கரையில் என்னை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டன. அந்த நிகழ்ச்சியைத்தான் உங்கள்முன் வைக்க வந்திருக்கிறேன். அதில் என் பிழையும் உண்டு. மறையாமல் சொல்வேன்.

என் ஊர் இடைசெவல். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய கரிசல் கிராமம். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைக்கின்ற மண். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்பதால் தமிழ் படித்தவர்களுக்கு அதன் பெயர் தெரிந்திருக்கும். அருகில் கழுகுமலை. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் பாண்டியர் காலத்தில் அம்மலைப் பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்களைச் செதுக்கினார்கள். அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரத்தியர் என்று பெண் ஆசிரியர்கள் குறிக்கப்படுகிறார்கள். அவர்தம் மாணாக்கர் பெயர்களும் உள்ளன. ஆசிரியத் தொழில் எங்கள் வட்டாரத்தில் அவ்வளவு பழைமையானது. அந்த மரபில் கடைசி வரிசையில் நிற்கும் ஒருவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

எங்கள் தூத்துக்குடி மாவட்டக் கடலில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊரார் பலர் வியப்பார்கள். மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தார், மாணவர்களைக் கொண்டு ஒரு காணொளி எடுக்கத் துணைசெய்யுமாறு என்னைக் கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஏழு பேர்: நான்கு மாணவியர், மூன்று மாணவர். "நம் மாவட்டத்துத் தேசியப் பூங்காவைப் பற்றி எடுப்போம்" என்றேன். ஒரு சிறுவன் எழுந்து, "அங்க ஊஞ்சல் இருக்குமா ஐயா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் கேட்டதில் தவறில்லை. பூங்கா என்ற சொல்லுக்கு அவன் கண்ட பொருள் அதுதான். கடலுக்கடியில் ஒரு பூங்கா இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் உள்ளன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக அவற்றைப் பிரிப்பர். அத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமில்லாக் கடலும் சேர்ந்து ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1986-ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. 1989-இல் இக்கடற்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளப் பாறைகள், கடற்புல் வெளிகள், கடற்பசு, ஆமை, கடற்குதிரை, கடல் அட்டை, சங்கு, இப்பி என 3,600-க்கு மேற்பட்ட உயிரினங்கள் அங்கு வாழ்வதாக அறிவியலார் கணக்கிட்டுள்ளனர்.

அந்தப் பூங்காவைப் படமெடுப்பதில் முதல் நாளே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. வனத்துறையின் அனுமதியின்றி அத்தீவுகளில் கால்வைக்கச் சட்டம் இடங்கொடாது. அங்கே படமெடுக்கவும் தனி அனுமதி வேண்டும். நீருக்கடியில் படமெடுக்கும் கருவி எங்களிடம் இல்லை. இருந்தவை பெற்றோரிடம் இரவல் வாங்கிய மூன்று கைப்பேசிகள். மாணவியருள் இருவர் வீட்டில், பெண்பிள்ளை கையில் கைப்பேசி எதற்கு என்று கேட்டார்கள். நேரில் சென்று பேசி இசைவு பெற வேண்டியிருந்தது. உள்ளே நுழைய முடியாத பூங்காவை எவ்வாறு படமெடுப்பது என்று ஒரு வாரம் யோசித்தோம். பிறகு ஒரு மாணவி வழி சொன்னாள்: "உள்ள போயிருக்கிறவங்ககிட்ட கேட்டா என்ன ஐயா?" அவ்வளவுதான். எங்கள் படத்தின் வழி திறந்துவிட்டது.

கி.ரா. அவர்கள் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தது அறைக்குள் அமர்ந்தன்று. மக்கள் வாயிலிருந்து கேட்டுத் தொகுத்தார். அதே முறையை நாங்கள் மேற்கொண்டோம். கடற்கரை மக்களிடம் சென்று கேட்பது; அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவது. இடைசெவலிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏழு பேரில் நால்வர் அதற்குமுன் கடலைக் கண்டதில்லை. பேருந்தை விட்டிறங்கிக் கடலைக் கண்டதும் படமெடுக்க வந்தோம் என்பதையே மறந்து அரைமணி நேரம் நின்றார்கள். நானும் அவசரப்படுத்தவில்லை. அன்று நான் செய்த நல்ல செயல் அது ஒன்றே என்று பின்னால் எனக்குத் தோன்றியது.

கேட்பது எளிதன்று என்பதைப் பிள்ளைகள் விரைவில் உணர்ந்தார்கள். காற்றின் இரைச்சலில் முதல்நாள் பதிவு செய்த பேச்சு முழுதும் வீணாயிற்று. மறுமுறை கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் மறைவில் பெரியவர்களை அமரவைத்து, கைப்பேசியின் ஒலிவாங்கியின்மேல் மெல்லிய துணியைச் சுற்றிப் பதிவு செய்தார்கள். "கடலைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் எவரும் பேசவில்லை. "இந்தக் காத்துக்கு என்ன பேரு தாத்தா?" என்று கேட்டதும் பேச்சு பெருகியது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு காற்றின் பெயரைச் சொன்னார்கள். எந்தக் காற்றில் கடல் கலங்கும், எதில் தெளியும் என்று விளக்கினார்கள். வானம் பார்த்த பூமியில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குக் காற்றைப் பார்த்து வாழும் மக்களை உடனே பிடித்துப்போயிற்று.

அங்கே ஒரு முதியவரைச் சந்தித்தோம். எழுபதைக் கடந்தவர். இளமையில் சங்கு குளித்தவர். தூத்துக்குடியில் எடுக்கப்படும் சங்குகள் வங்கத்திற்குச் சென்று வளையல்களாவதை அவர்தாம் பிள்ளைகளுக்குச் சொன்னார். மூச்சை அடக்கிக் கடலடிக்குச் சென்ற நாட்களைப் பற்றிப் பெருமையோடு பேசியவர், திடீரெனக் குரலைத் தாழ்த்தி வேறொன்றைச் சொன்னார்.

"பவளக்கல்லும் வெட்டியிருக்கோம். வள்ளம் வள்ளமாக் கொண்டாந்து இந்தக் கரையிலதான் குவிச்சுவச்சிருப்போம். சுண்ணாம்புக்குப் போகும், ஆலைக்குப் போகும். அது உசுருள்ள பொருள்னு அப்ப எங்களுக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் வயித்துப்பாடு. எங்க கையாலதான் வெட்டினோம், எதுக்குப் பொய் சொல்லணும்."

அம்முதியவர் கூறியதன் பின்னுள்ள அறிவியலைப் பிள்ளைகள் பிறகு படித்தறிந்தார்கள். பவளம் கல்லன்று. நுண்ணிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, தம் உடலைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சுரந்து, தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பும் வீடு அது. அலையின் வேகத்தை அது தணிப்பதால்தான் அதன் பின்னால் மணல்தீவுகள் நிலைத்து நிற்கின்றன. பாறையை வெட்டியெடுத்தபின் அலை நேரே தீவின்மேல் மோதியது. தூத்துக்குடித் தொகுதியில் விலங்குசல்லி என்ற தீவும், கீழக்கரைத் தொகுதியில் பூவரசன்பட்டி என்ற தீவும் நீரில் மூழ்கிவிட்டன. வான் தீவு முன்பு பெரிதாக இருந்தது. 2015-இல் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கியது. 2001-ஆம் ஆண்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின் கல்லெடுப்பது ஓய்ந்தது. வான் தீவைக் காக்க 2015 முதல் அதன்முன் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். தீவு தேய்வது நின்று மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. ஆயினும் 2016-இன் கடும் வெப்பத்தில் பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் இறந்தன. கடலைச் சூடாக்கிய குற்றத்தில் அம்முதியவருக்கு உள்ள பங்கைவிட நமக்குள்ள பங்கு பெரிது.

இதைக் கேட்டதும் ஒரு மாணவி, "நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று எழுதிவைத்திருந்த கேள்வியைத் தானே அடித்துவிட்டாள். சாத்தூர், விளாத்திகுளம் வழியே ஓடும் வைப்பாறு மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது. நம் வயலின் மருந்தும் நம் தெருவின் நெகிழிப் பையும் மழைக்காலத்தில் ஓடையிறங்கி எங்கே போகின்றன என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

இதுவரை சொன்னவை எனக்குப் பெருமை தருபவை. இனிச் சொல்லப்போவது அவ்வாறன்று.

மூன்றாம் முறை சென்றபோது, வலையைச் சீராக்கிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் வலையில் சிக்கியிருந்த சிறு சங்கு ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். "உள்ள பூச்சி இருக்கு. பாத்துட்டுக் கடல்ல விட்ருங்க, இது சின்னது" என்றார். சிறிய சங்கை எடுக்கலாகாது, கடலுக்கே திருப்பிவிட வேண்டும் என்பது அங்கே பழைய கட்டுப்பாடு. எங்கள் குழுவில் படமெடுப்பதில் வல்ல சிறுவன் ஒருவன் இருந்தான். தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் தாயின் மகன். அவன் சங்கை உலர்ந்த மணலில் மல்லாத்தி வைத்து, மணலோடு மணலாகப் படுத்து, கைப்பேசியை அருகில் பிடித்தான். சற்று நேரத்தில் சங்கின் வாயிலிருந்து சதை மெல்ல வெளிவந்தது. நீண்டு, வளைந்து, மணலைத் தொட்டு, தன்னைத் தானே புரட்டிக்கொள்ள முயன்றது. நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்தோம். நண்பகல் வெயில்.

எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. "இன்னும் ஒரு தடவை. வெயில் பக்கமாத் திருப்பி வை" என்றேன். அவன் சங்கைத் தொட்டதும் சதை உள்ளே போயிற்று. காத்திருந்தோம். மீண்டும் வந்தது. எடுத்தான். "இன்னும் ஒரு தடவை" என்றேன். மூன்றாம் முறை அது வெளிவரவில்லை. மணல் கையைச் சுட்டது. அப்போதுதான் எங்கள் குழுவிலேயே குறைவாகப் பேசும் மாணவி கேட்டாள்: "ஐயா, நந்து ஈரறிவுயிர்னு நீங்கதானே நடத்துனீங்க. இதுக்கு வலிக்குமா?"

பெரியோர்களே, தொல்காப்பியத்தின் மரபியலும் பவணந்தி முனிவரின் நன்னூலும் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கின்றன. தொடுவுணர்வு மட்டுமுடைய புல்லும் மரமும் ஓரறிவுயிர். தொடுவுணர்வோடு சுவையுணர்வும் உடைய நந்தும் முரளும் ஈரறிவுயிர். நந்து என்பது சங்கையும் நத்தையையும் குறிக்கும். முரள் என்பது இப்பி. புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களை வகுக்கும் இம்முறை உங்கள் சமய நூல்களிலும் விரிவாக உண்டு. முப்பத்து மூன்று ஆண்டுகள் இதனை நான் நடத்தியிருக்கிறேன். தேர்வில் கேட்டிருக்கிறேன். இரண்டு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். ஆனால் உயிருள்ள நந்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். கண்ட கணத்தில் அதற்கு ஊறுணர்வு உண்டு என்ற பாடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த உணர்வு உடையதாகையால்தான் சுடுமணலில் அது துடித்துப் புரண்டது. நான் அதனை அழகிய காட்சி என்று கண்டேன்.

நான் விடை சொல்லுமுன் பழைய சங்கு குளிப்பவர் வந்துவிட்டார். "உசுரு இருக்கு வாத்தியாரய்யா. போதும்" என்று சொல்லி, சங்கைக் கையிலெடுத்துக்கொண்டு இடுப்பளவு நீர்வரை நடந்து சென்று, குனிந்து வைத்துவிட்டு வந்தார். வீசி எறியவில்லை; வைத்தார். அது பிழைத்ததா, இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

நேமிநாதர் திருமணத்திற்குச் சென்ற வழியில், விருந்துக்காக அடைத்துவைத்திருந்த விலங்குகளின் கதறலைக் கேட்டு, மணத்தைத் துறந்து திரும்பிய வரலாற்றை நீங்கள் என்னைவிட நன்கறிவீர்கள். அவருடைய இலாஞ்சனம் சங்கு. அவருடைய இயக்கியாகிய அம்பிகையின் சிற்பம் எங்கள் கழுகுமலையில் உள்ளது. ஊர் திரும்பும் பேருந்தில் எனக்கு அந்நினைவே வந்துகொண்டிருந்தது. கதறும் விலங்கின் துயர் காதுள்ளவர்க்குக் கேட்டுவிடும். சங்குப் பூச்சிக்குக் கதறத் தெரியாது. நாம் கேட்கும் சங்கொலியெல்லாம் அவ்வுயிர் நீங்கிய கூட்டில் நாம் ஊதுவது. குரலில்லாத உயிரிடம் நாம் எவ்வாறு நடக்கிறோம் என்பதில்தான் நம் இரக்கம் உண்மையானதா என்பது தெரியும்.

கதை அத்தோடு முடியவில்லை. பள்ளியின் கணினி அறையில் படத்தைத் தொகுக்க அமர்ந்தோம். அந்தச் சங்குக் காட்சி பதினொரு நொடி. எடுத்த அனைத்திலும் அதுவே மிக அழகானது. அதில் என் குரலும் தெளிவாகப் பதிவாகியிருந்தது: "இன்னும் ஒரு தடவை. வெயில் பக்கமாத் திருப்பி வை."

நான் முந்திக்கொண்டேன். "துன்புறுத்தி எடுத்த காட்சி நமக்கு வேண்டாம். ஒலியோடு சேர்த்து நீக்கிவிடலாம்" என்றேன். அறத்தைச் சொல்வதுபோல் சொன்னேன். உள்ளத்தில் இருந்தது வேறு: அந்தக் குரலை வேறெவரும் கேட்கலாகாது என்ற எண்ணம். படமெடுத்த சிறுவன் ஒப்பவில்லை. "இது இல்லாட்டி படத்துல என்ன ஐயா இருக்கு? எல்லாம் பேசிக்கிட்டே இருக்காங்க" என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. ஒருத்தி எனக்கு உதவ எண்ணி, "ஐயா குரலை மட்டும் எடுத்துட்டு, பாட்டுப் போட்டுக்கலாம்" என்றாள்.

அப்போதும் அந்தக் குறைவாகப் பேசும் மாணவிதான் வாய்திறந்தாள். "பவளக்கல் வெட்டுனோம்னு தாத்தா சொன்னதை வச்சிருக்கோமே ஐயா. அவுக தப்பு மட்டும் படத்துல இருக்கட்டும், நம்ம தப்பு வேண்டாம்னா…" என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

ஆசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமை சொன்னவர் பவணந்தி முனிவர். நிறைகோல் என்பது தராசு. ஐயப்பட்ட பொருளைச் சரியாக அளந்து காட்டுவதும், இரு தட்டுக்கும் நடுவே நிற்பதும் அதன் இயல்பு; ஆசிரியனுக்கும் அதுவே இயல்பாக வேண்டும். அன்று அவ்வறையில் நிறைகோல் என் கையில் இல்லை. பதினான்கு வயதுப் பெண்ணின் கையில் இருந்தது. எழுத்தறியாத கடலோடி ஒருவர், கேட்காமலே தம் குற்றத்தைக் கருவியின்முன் சொன்னார். அதனை நாங்கள் படத்தின் உயிர்நாடி என்று கொண்டாடினோம். எம்.ஏ. படித்த ஆசிரியன் தன் குற்றத்தைப் பாட்டுப் போட்டு மறைக்கப் பார்த்தான். ஏழை சொன்னால் அது வரலாறு. நான் செய்தால் அது நீக்கவேண்டிய காட்சி. இதற்கு எந்தத் தராசும் இடங்கொடாது.

இத்தகைய பிழை எங்கள் சிறுபள்ளியில் மட்டும் நேர்ந்ததன்று. 1958-இல் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் 'ஒயிட் வைல்டர்னெஸ்' என்ற ஆவணப்படத்தை வெளியிட்டது. லெம்மிங் என்னும் எலி போன்ற சிறு விலங்குகள் கூட்டமாகப் பாய்ந்து நீரில் விழுந்து மடிவதாக அதில் காட்டினார்கள். அப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. 1982-இல் கனடா நாட்டுத் தொலைக்காட்சி ஒன்று உண்மையை வெளிக்கொணர்ந்தது. அவ்விலங்குகள் இயல்பாக வாழாத ஓரிடத்திற்கு அவற்றை வேற்றிடத்திலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து, படக்குழுவினரே மேட்டிலிருந்து நீரில் விழச் செய்திருந்தனர். இரண்டு கொடுமைகள் அங்கே நிகழ்ந்தன. உயிர்கள் மடிந்தன, லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்ற பொய்யும் உலகெங்கும் பரவி இன்றும் வழங்குகிறது. கொல்லாமையும் பொய்யாமையும் வெவ்வேறு விரதங்கள் என்று எண்ணியிருந்தேன். படக்கருவியின்முன் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று விழுந்தால் மற்றொன்றும் விழும்.

ஆதலால் பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சங்கின் காட்சி வேண்டாம்; ஒலி மட்டும் இருக்கட்டும். எங்கள் படத்தில் பதினொரு நொடி திரை இருண்டிருக்கும். அவ்விருளில் என் குரல் கேட்கும்: "இன்னும் ஒரு தடவை." பிறகு மாணவியின் கேள்வி. பிறகு முதியவரின் குரல்: "உசுரு இருக்கு வாத்தியாரய்யா. போதும்." காட்சியை இழந்த சிறுவனுக்கு ஆறவில்லை. அடுத்த மாதம் தன் மாமாவோடு மீண்டும் கடற்கரைக்குச் சென்றான். அடிப்பக்கம் தட்டையான, கண்ணாடி போன்ற நெகிழிப் பெட்டி ஒன்றை முழங்காலளவு நீரில் மிதக்கவிட்டு, அதனுள் கைப்பேசியை வைத்து, இரண்டு மணி நேரம் நின்றான். மணலில் ஊர்ந்து செல்லும் சிறு நத்தை ஒன்று கிடைத்தது. படம் தெளிவாக இல்லை, ஒளியும் போதவில்லை. ஆயினும் அந்த நத்தை தான் போக நினைத்த இடத்திற்குப் போயிற்று. யாரும் அதனைத் திருப்பி வைக்கவில்லை. அந்தக் காட்சியோடு எங்கள் படம் நிறைவுற்றது.

பள்ளி வளாகத்தில் வெள்ளைத் துணி கட்டி ஒரு மாலையில் திரையிட்டோம். பெற்றோர் வந்திருந்தனர். சங்கு குளித்த பெரியவரைப் பிள்ளைகள் அழைத்திருந்தார்கள், பேருந்தேறி வந்துவிட்டார். திரை இருண்டு என் குரல் ஒலித்தபோது நான் தலைகுனிந்திருந்தேன். படம் முடிந்ததும் பெரியவர் என்னருகில் வந்து தோளில் கைவைத்து, "வாத்தியாரய்யா, நாம ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம்" என்று சிரித்தார். என் ஆசிரிய வாழ்வில் பெற்ற பாராட்டுகள் பலவற்றைவிட அச்சிரிப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினோம். பரிசு கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஒருநாள் வருந்தினார்கள், மறுநாள் மறந்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு மன்றத்தில் சேர்ந்த புதிய மாணவர்களுக்காக அவ்வெழுவரும் நான்கு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். ஒன்று: உயிருள்ள எதையும் அது இருக்கும் இடத்திலிருந்து எடுக்கக் கூடாது. இரண்டு: அது தானாகச் செய்யாததைச் செய்யவைக்கக் கூடாது. மூன்று: கூட்டையும் குஞ்சையும் நெருங்கக் கூடாது. நான்கு: ஐயாவே சொன்னாலும் கூடாது. நான்காம் விதியை நான் பெரிதும் விரும்புகிறேன்.

அன்பர்களே, இன்று பிள்ளைகளின் கையில் படக்கருவி வந்துவிட்டது. அதனைப் பிடுங்க முடியாது, பிடுங்கவும் வேண்டா. 2022-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழாக்கள் தொடங்கப்பட்டன. பிள்ளைகள் நல்ல படங்களைப் பார்த்துப் பேசக் கற்கிறார்கள். நம் முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமில் எடுத்த, கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதனைப் பார்த்த பிள்ளைகள் தாமும் அவ்வாறு எடுக்க விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தை வளர்க்க வேண்டும். ஆனால் அழகாக எடுத்தாயா என்று மட்டும் நாம் கேட்டால், அவர்கள் என்னைப்போல் ஆவார்கள்.

இவ்வறக்கட்டளை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பேச்சு, கட்டுரைப் போட்டிகள் நடத்துவதை அறிவேன். காணொளிப் போட்டி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். தொலைவிலுள்ள சரணாலயம் வேண்டியதில்லை. ஊர்க் கண்மாயும், கோயில் மரமும், வீட்டுக் கூரையின் குருவிக்கூடும் போதும். பரிசு வழங்குமுன் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ படமெடுத்த அந்த உயிர், நீ வந்தபின் என்ன செய்துகொண்டிருந்தது?" தன் வழியில் போய்க்கொண்டிருந்தது என்று எவன் சொல்கிறானோ, அவன் படம் சற்று மங்கலாக இருந்தாலும் முதற்பரிசை அவனுக்கே கொடுங்கள்.

உயிர்களின் அறிவை எண்ணிச் சொல்லத் தெரிந்த எனக்கு, ஈரறிவுடைய ஓர் உயிரின் வலியை மாணவி ஒருத்திதான் உணர்த்தினாள். கற்பித்தவன் நான், கற்றவனும் நான்.